கேளுங்கோ, சொல்லுறன்: ஜனவரியில எழுதின லிஸ்ட்

போன இதழில "பசுமையா வாழ எண்டு எடுத்த முடிவு உங்கட வீட்டில எதுவரைக்கும் வந்திருக்கு" எண்டு ரெண்டு வரி கேட்டிருந்தம், வந்த கடிதமும் வட்ஸ்அப் மெசேஜும் பார்த்தா முக்கால்வாசி ஒப்பாரி. பரவாயில்லை, செய்து பார்த்த ஆக்களுக்குத்தான் ஒப்பாரி வைக்கத் தெரியும். இடம் காணாததால சிலதைச் சுருக்கிப் போட்டிருக்கிறன், கோவிக்கவேண்டாம்.

அக்கா, வருசம் பிறந்த அண்டு ஒரு கொப்பியில பதினொரு விசயம் எழுதினன். பிளாஸ்டிக் நிப்பாட்டுறது, கொம்போஸ்ட் போடுறது, ஷாம்புக்குப் பதிலா சீயாக்காய், ஏசி இல்லாமப் படுக்கிறது, பக்கத்துக் கடைக்கு நடந்து போறது, இயற்கை மரக்கறி மட்டும் வாங்கிறது எண்டு நீளும். இப்ப எட்டாம் மாசம். கொம்போஸ்ட் வாளி நாறி நாலாம் மாடி முழுக்க மணந்து, கமிட்டியில இருந்து ஆள் வந்து கதவைத் தட்டி, வாளியோடயே எறிஞ்சாச்சு. சீயாக்காய் போட்டுத் தலைமயிர் தும்பு மாதிரி ஆயிட்டுது. அவர் ஒவ்வொரு நாளும் "உம்மட பசுமைப் புரட்சி முடிஞ்சுதோ" எண்டு பகிடி. நான் இதுக்குச் சரிவராத ஆளோ? — வெள்ளவத்தை வாசகி

தங்கச்சி, பதினொண்டையும் ஒரே நாளில தொடங்கினா ஆருக்கும் சரிவராது. 2021இல எங்கட இலங்கையே இதைத்தான் செய்து பார்த்தது. இரசாயன உரம் இறக்கேலாது எண்டு மே மாசம் வர்த்தமானி வந்துது, மாற்றா குடுக்கக் கொம்போஸ்ட் காணாது, கமக்காரர் தயாராக நேரமும் இல்லை, கடைசியில நவம்பரிலயே அதைத் திருப்பி எடுத்தாச்சு. அதுக்காக இயற்கை விவசாயம் கூடாது எண்டு நான் சொல்லமாட்டன், ஒரே போகத்தில முழு நாட்டையும் மாத்த வெளிக்கிட்டதுதான் வினை. உங்கட கொப்பியும் ஒரு சின்ன வர்த்தமானிதான்.

பத்தை வெட்டிப்போட்டு ஒண்டை வையுங்கோ. எதை எண்டு கேட்டா, நான் அந்த நாறின வாளியைத்தான் சொல்லுவன், சிரிக்காதேங்கோ. எங்கட வீட்டுக் குப்பையில பாதிக்கு மேல குசினியில இருந்து போற ஈரக் கழிவு. அதைப் பொலித்தீன் பையில கட்டி அனுப்ப, அது குப்பை மேட்டில காத்துப் படாமக் கிடந்து மீதேன் வாயுவும் கறுப்புத் தண்ணியுமா மாறுது. 2017 ஏப்ரல் 14, கொழும்புக்குக் கிட்ட மீதொட்டமுல்லையில குப்பை மலை சரிஞ்சு முப்பதுக்கு மேல ஆக்கள் செத்தவை. அண்டைக்குச் சித்திரை வருசம், நாங்கள் இங்க பொங்கி கைவிசேஷம் குடுத்துக்கொண்டு இருந்தம். அந்த மலையில எங்கட வீட்டுக் கத்தரிக்காய்க் காம்பும் கிடந்திருக்கும் எண்ட நினைப்பு எனக்கு இப்பவும் வாறது, அதுக்குப் பிறகுதான் நானும் வாளி வைச்சனான்.

என்ர முதல் வாளியும் நாறினதுதான். மிஞ்சின சோறு, சொதி, மீன் செதில் எல்லாத்தையும் ஒண்டா கொட்டி, மணக்கக்கூடாது எண்டு மூடியை இறுக்கி மூடி வைச்சன், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீங்கள். காத்து இல்லாட்டி அழுகும், காத்து இருந்தா உக்கும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒண்டு எடுத்து அடியிலயும் சுத்திவரவும் சூடு காட்டின கம்பியால ஓட்டை போடுங்கோ, அடியில மூண்டு விரல் உயரத்துக்குத் தேங்காய் மட்டையைப் பிச்சுப் போடுங்கோ, தண்ணி இறங்கும். ராவில குசினி கூட்டேக்க, நறுக்கின மரக்கறித் தோல் ஒரு பிடி போட்டா அதுக்கு மேல காய்ஞ்ச சாமான் ரெண்டு பிடி. காய்ஞ்ச சாமான் எண்டா தும்புத்தூள், காய்ஞ்ச இலை, கிழிச்ச முட்டைப்பெட்டி, எதுவும் சரி. தும்புத்தூள் பூங்கண்டு விக்கிற இடங்களில கட்டியாவே வாங்கலாம். கிழமைக்கு ரெண்டு தரம் தடியால கிளறி விடுங்கோ. ஈரம் சரியோ எண்டு பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கோ, மூண்டாம் பால் பிழிஞ்சு முடிஞ்ச தேங்காய்ப்பூ மாதிரி இருக்கோணும், கையில ஈரம் தெரியும் ஆனா சொட்டாது. சொட்டினா தும்புத்தூள் காணாது.

மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி, பால் சாமான் உள்ள போகக்கூடாது, அதெல்லாம் ஈரக் குப்பையா பிரிச்சு லொறிக்கே குடுங்கோ. சிரட்டையையும் போடவேண்டாம், நீங்கள் பேரப்பிள்ளை கண்ட பிறகும் அது அப்பிடியே கிடக்கும். வெள்ளையா பஞ்சு மாதிரிப் பூத்தா பயப்படாதேங்கோ, அது பூஞ்சணம், தன்ர வேலையைச் செய்யுது. கொழுத்த சாம்பல் நிறப் புழு சில நேரம் வரும், பார்க்க அருவருப்பா இருக்கும், ஆனா அது உங்கட வேலையைத்தான் கெதியாச் செய்து தருது, வேண்டாம் எண்டா மேல இன்னும் காய்ஞ்சதைப் போடுங்கோ. வாளி நிரம்பினா ரெண்டு மூண்டு மாசம் சும்மா விட்டுட்டு ரெண்டாவது வாளியைத் தொடங்குங்கோ.

பிறகு, முன்னேற்றம் எண்டதை எதால அளக்கிறது எண்டும் கேட்டிருந்தீங்கள், அந்தப் பகுதியை வெட்டிப்போட்டன். குசினிக் கலண்டரில ஒவ்வொரு முறையும் குப்பைப் பையைக் கீழ கொண்டுபோகேக்க ஒரு கோடு போடுங்கோ. எங்கட வீட்டில கிழமைக்கு ஆறு கோடு இருந்தது, இப்ப ரெண்டு. கொப்பியில பதினொரு விசயம் எழுதி வைக்கிறதை விட இந்தக் கோடு எனக்கு உறைக்குது, ஏனெண்டா பொய் சொல்லேலாது. அவரையே பையைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ, பகிடி தன்ர பாட்டில குறையும்.

சீயாக்காயை மன்னிச்சு விடுங்கோ. சீயாக்காய் எண்ணெய் வைச்சு முழுகிற தலைக்குத்தான், எண்ணெய் இல்லாத தலையில போட்டா தும்பாத்தான் வரும். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைச்சு முழுகுறதெண்டா எடுங்கோ, மற்ற நாளில ஷாம்பு போட்டா பூமி பிளக்காது.

நான் கோட்டையில வேலை, 26 வயசு. ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோத்துப் பார்சல். லன்ச் ஷீட், அதுக்கு மேல பேப்பர், அதுக்கு மேல ஒரு பை, குழம்புக்கு வேற சின்னப் பை. குற்ற உணர்ச்சியா இருக்கு, ஆனா சாப்பாட்டுப் பெட்டியைக் கடையில நீட்ட வெக்கமா இருக்கு அக்கா. — கொட்டாஞ்சேனை தம்பி

அந்தப் பொலித்தீன் லன்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பர் 1ஆம் திகதியில இருந்து தடை. உங்கட கடையில இப்பவும் ஓடுது, என்ர தெருவிலயும்தான். சட்டத்தை ஆராவது நடைமுறைப்படுத்துவினம் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கேலாது.

வெக்கம் முதல் மூண்டு நாளைக்குத்தான். கடையில கூட்டம் கூடின பன்னிரெண்டரைக்குப் போய்ப் பெட்டியை நீட்டினா கவுன்ரரில நிக்கிற அண்ணைக்கு எரிச்சல்தான் வரும், பதினொண்டே முக்காலுக்கு இறங்கிப் போய்க் குடுத்துட்டு வாங்கோ, திரும்பிப் போகேக்க போட்டு வைச்சிருப்பார். எங்கட கந்தோரில ஒரு பிள்ளை மூண்டு அடுக்குக் கரியரை இப்பிடிக் குடுத்து எடுக்கிறவ, இப்ப கடைக்காரரே "உங்கட கரியர் எங்க" எண்டு கேக்கிறாராம், பார்சலை விட ஒரு அகப்பை சோறும் கூடவாம். பெட்டி சில்வராப் பாருங்கோ, சுடு குழம்பைப் பிளாஸ்டிக் பெட்டியில ஊத்தவேண்டாம், மஞ்சள் கறையும் போகாது மணமும் போகாது.

பைக்கு வாறன். 2025 நவம்பர் 1இல இருந்து கைபிடி வைச்ச பொலித்தீன் பையை கடைக்காரர் சும்மா தரேலாது, விலை போட்டு பில்லில காட்டோணும். இந்த ஒரு விசயம் நல்லா வேலை செய்யுது எண்டுதான் நினைக்கிறன், எங்கட சனம் காசு எண்டா உடன நிதானமாகும். ஆனா ஒரு எச்சரிக்கை, துணிப்பை சேர்க்கிறதும் ஒரு வருத்தம். என்ர கதவுக்குப் பின்னால பதினாலு தொங்குது, கலியாண வீட்டுப் பை, வங்கிப் பை, கோயில் பை, கடைக்குப் போகேக்க கையில ஒண்டும் இராது. இப்ப ஒண்டை மடிச்சு ஹாண்ட்பேக்கில வைச்சிருக்கிறன், மற்றப் பதிமூண்டையும் என்ன செய்யுறதெண்டு யோசனை.

ஓய்வு பெற்ற ஆள் நான். பல்கனியில மிளகாய், கத்தரி, வல்லாரை, பொன்னாங்காணி, ரம்பை எண்டு முப்பது சட்டி வைச்சிருக்கிறன், மரக்கறி வாங்கிறது பாதி குறைஞ்சுது. போன மாசம் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சட்டித் தட்டில நுளம்புக் குடம்பி இருக்கு எண்டு எச்சரிக்கை தந்துட்டுப் போயிட்டார். மகள் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுறா. — தெஹிவளை

ஐயா, மகளும் சரி, பீஎச்ஐயும் சரி, நீங்களும் சரி. மழைக்குக் கொழும்பில டெங்கு எப்பிடிப் போகும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நுளம்பு பெருகுற இடம் வளவில இருந்தா வழக்குப் போடவும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில இடம் இருக்கு. அந்த ஆளைக் கோவிக்காதேங்கோ.

முப்பது சட்டியும் இருக்கட்டும், தட்டுகளைத்தான் முதல்ல எறியோணும். தட்டு இல்லாம வைக்க ஏலாட்டி, கீழ் வீட்டு உடுப்பில சொட்டும் எண்டா, தட்டு நிறைய ஆத்து மணல் போடுங்கோ, தண்ணி மணலுக்குள்ள நிக்கும், நுளம்புக்கு மேற்பரப்புக் கிடையாது. இன்னொண்டு, இதைக் கனபேர் விடுறவை: டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணியில போடுறதில்லை, தண்ணி மட்டத்துக்குச் சற்று மேல பாத்திரத்தின்ர சுவரில ஒட்டுது. தண்ணியைக் கவிட்டு ஊத்தினாலும் முட்டை அங்கயே காய்ஞ்சு மாசக்கணக்கில இருந்து, அடுத்த மழைக்குத் தண்ணி பட்டதும் பொரிக்கும். அதால ஊத்தினாக் காணாது, தும்பு பிரஷ்ஷால சுவரைத் தேய்க்கோணும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள் எடுக்கும், அப்ப ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தேய்ச்சா நீங்கள் எப்பவும் அதுக்கு முன்னுக்கு நிப்பீங்கள். மழைத்தண்ணி பிடிக்கிற பரல் இருந்தா நுளம்பு வலையால இறுக்கிக் கட்டுங்கோ. ஏசித் தண்ணி சொட்டுற வாளியையும், ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டையும் பாருங்கோ, அங்க ஒருத்தரும் பார்க்கிறதில்லை.

அந்த வல்லாரையில ஒரு பிடி எனக்கும் அனுப்பினா வேண்டாம் எண்டு சொல்லமாட்டன்.

இந்த வருசம் கரண்ட் பில்லை 60 யுனிட்டுக்குள்ள கொண்டுவாறது எண்டு முடிவு. நாலு பேர். 85இல நிக்குது. ஏலுமோ? — பம்பலப்பிட்டி

ஏசியும் சுடுதண்ணி ஹீற்றரும் இல்லாத வீடு எண்டா கிட்டப் போகலாம், இருந்தா மறந்துடுங்கோ. 60ஐ ஏன் எல்லாரும் பிடிச்சுக்கொண்டு நிக்கினம் எண்டா, அதைத் தாண்டினா தாண்டின யுனிட்டுக்கு மட்டும் இல்லை, முதல் யுனிட்டில இருந்தே வேற ரேட்.

கணக்குப் பார்ப்பம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ், ராவில 10 மணித்தியாலம் ஓடினா மாசம் 22 யுனிட் சொச்சம். ரெண்டு அறை எண்டா 45. அங்கதான் உங்கட பில் கிடக்குது, நாங்கள் பிள்ளையள் லைற்றை விட்டுட்டுப் போட்டினம் எண்டு கத்திக்கொண்டு திரிவம், 9 வாட்ஸ் எல்ஈடி பல்ப் முழு ராவும் எரிஞ்சாலும் மாசம் மூண்டு நாலு யுனிட்தான். பிஎல்டிசி எண்டு புது மாதிரி ஃபேன் வருது, 30 வாட்ஸ் மட்டில, அதே பத்து மணித்தியாலத்துக்கு 9 யுனிட். விலை கூட, ஆனா பழையது பழுதாகேக்க மாத்தினா நட்டம் இல்லை, ஓடுற ஃபேனைக் கழட்டி எறிஞ்சு மாத்தவேண்டாம். அயன் 1000 வாட்ஸ், தினமும் அரை மணித்தியாலம் எண்டா 15 யுனிட், அப்ப ஞாயிறில மொத்தமா ஒருக்கா சூடேத்திக் கிழமை முழுக்கத்தையும் தேய்ச்சு முடியுங்கோ. மீற்றரை மாசக் கடைசியில பில் வந்த பிறகு பார்க்கிறதில பிரயோசனம் இல்லை. ஞாயிறு காலமை தேத்தண்ணிக் கோப்பையோட போய் இலக்கத்தைக் கலண்டரில எழுதினா, கிழமைக்கு 14க்குக் கிட்ட எண்டா நீங்கள் சரியான பாதையில.

"பயோ" எண்டு பச்சை இலை படம் போட்ட பை உண்மையில உக்குமோ? — கல்லூரி மாணவி, கொழும்பு 6

ரெண்டு சாதி இருக்கு பிள்ளை. ஒண்டு சாதாரண பிளாஸ்டிக்கில ஏதோ கலந்தது, வெயிலில துண்டு துண்டா உடையும், உடைஞ்ச துண்டு பிளாஸ்டிக்தான், கண்ணுக்குத் தெரியாம போகுது, அவ்வளவுதான். மற்றது சோளம் மாதிரியான மாப்பொருளில இருந்து செய்த பிஎல்ஏ வகை, அது உக்கும், ஆனா 60 பாகை மட்டில சூடு இருக்கிற பெரிய கொம்போஸ்ட் ஆலையில. மேல சொன்ன பெயின்ற் வாளியில போட்டா அடுத்த தைப்பொங்கலுக்கும் அப்பிடியே கிடக்கும். காசு கூடக் குடுத்து அதை வாங்கவேண்டாம்.

யூடியூப்பில பார்த்து வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்து வீடு கழுவுறன், இயற்கைதானே. சில நேரம் ப்ளீச்சும் கொஞ்சம் விடுவன். — மட்டக்குளி

ஐயோ, அந்தக் கடைசி வரியை வாசிச்சதும் கதிரையில இருந்து எழும்பிட்டன். வினாகிரியையும் ப்ளீச்சையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு இதே வேலையைப் பார்த்து ரெண்டு நாள் இருமினனான். வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்ந்தா ஆபத்து இல்லை, நுரை வடிவாப் பொங்கும், ஆனா ஒண்டை ஒண்டு வெட்டிப்போட்டு மிஞ்சுறது பெரும்பாலும் உப்புத் தண்ணி. தனித்தனியாப் பாவியுங்கோ: குழாயில வெள்ளை படிஞ்சா வினாகிரி, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா. நிலத்துக்குச் சவர்க்காரத் தண்ணி காணும்.

ஒரு கப்பல் எரிஞ்சு கடல் முழுக்க பிளாஸ்டிக் கொட்டினவன் இருக்கிறான், நான் ஒரு பையை வேண்டாம் எண்டு சொல்லி என்ன கிழிக்கப் போறன்? — நீர்கொழும்புக்காரன், இப்ப வத்தளை

நீங்கள் சொல்லுற எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் உங்கட ஊருக்கு நேரதான் எரிஞ்சது, உங்களுக்குக் கோவம் வர உரிமை இருக்கு. 2021 மேயில தீப்பிடிச்சு ஜூன் 2ஆம் திகதி தாழத் தொடங்கினது, கிட்டத்தட்ட 1,680 தொன் பிளாஸ்டிக் குருணி. ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக் கரையில ஒதுங்கிக் கிடந்ததை ஆக்கள் அரிதட்டு வைச்சு அரிச்சவை. உங்கட ஒரு பை அந்தக் கணக்கில ஒண்டுமே இல்லை, அதை நான் மறைக்கமாட்டன். ஆனா மற்றக் கணக்கும் ஓடுது. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் நீதிமன்றம் போய், 2025 ஜூலையில உயர்நீதிமன்றம் கப்பல்காரரை 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது. அது பை வேண்டாம் எண்டு சொன்னதால வந்த தீர்ப்பு இல்லை, வழக்குப் போட்டதால வந்தது. அப்ப உங்களுக்குப் பையில மனம் இல்லாட்டி விடுங்கோ, கரை துப்புரவாக்கப் போற ஆக்களோட போங்கோ, இல்லாட்டி உங்கட கவுன்சில் மெம்பருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. கோவத்தை வீட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு பொண்டாட்டியின்ர துணிப்பையைப் பார்த்துச் சிரிக்கிறதுதான் சரியில்லை. (மெசேஜின்ர மிச்சத்தையும் வாசிச்சனான்.)

மீன் வாங்கப் போனா மட்டும் பை இல்லாமச் சரிவராது அக்கா. பெட்டி கொண்டு போனா பெட்டி மணக்குது, கழுவினாலும் போகுதில்லை. — வெள்ளவத்தை, இன்னொரு வாசகி

யாழ்ப்பாணத்தில அம்மம்மா உமலோட போறவ, நினைவிருக்கோ உங்களுக்கு? பனையோலையில இழைச்ச நீட்டுப் பை, மீன்தண்ணி தன்ர பாட்டில வடியும், வந்து கிணத்தடியில அலசி வேலியில கொழுவினா அடுத்த நாளைக்குக் காய்ஞ்சிடும். பிளட்டில வேலி இல்லை, பஸ்ஸில வடிஞ்சா அடி விழும். நான் செய்யுறது என்னெண்டா, சில்வர் மூடிப்பெட்டி ஒண்டை மீனுக்கு மட்டும் எண்டு ஒதுக்கி, வந்ததும் முதல்ல பச்சைத் தண்ணியால கழுவி (சுடுதண்ணி ஊத்தினா மீன் புரதம் அவிஞ்சு ஒட்டிக்கொள்ளும், மணம் அங்கதான் நிக்கும்), பிறகு பழப்புளிச் சக்கையால தேய்ச்சு வெயிலில கவிட்டு வைக்கிறது. போன சனிக்கிழமை மார்க்கட்டில பெட்டியை நீட்ட, மீன்காரர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அக்கா, இது சோத்துக்கோ மீனுக்கோ" எண்டு கேட்டார். மீனுக்கு எண்டன். சிரிச்சுப்போட்டு, விளைமீன் தலை ஒண்டைச் சும்மா சேர்த்துப் போட்டார்.